மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பினாங்கில் டைவிங் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் ரஷ்யக் கப்பலை இழுத்து விடுவார். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில், போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்த ஜெர்மன் கப்பல் எம்டன், நங்கூரம் போட்டு நின்ற ஜெம்சுக் என்ற அந்த ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அதற்கு முந்தின மாதம் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். இறந்த மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுக்கல் இருக்கிறது, போய்ப் பாருங்கள். கப்பலை மட்டும் கேட்காதீர்கள். நம் நீரிணையின் தண்ணீர் தே தாரிக், அதாவது பால் தேநீர், நிறம். மேலே ஃபெரியும் சரக்குக் கப்பலும் ஓயாமல் போய் வருகின்றன. டைவிங்குக்கு உரிய இடம் இல்லை.

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கிறேன். விடுமுறை சேர்த்து வைத்துக் கிழக்குக் கரைக்குப் போகிறவள், டைவ் மாஸ்டர் பயிற்சியும் முடித்தவள். முதல்முறை போகும் நம்மவர்களுக்கு நான் பரிந்துரைப்பது திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் கிடக்கும் சர்க்கரைக் கப்பல். சர்க்கரை ஏற்றி வந்து 2000ஆம் ஆண்டு வாக்கில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. சர்க்கரை எப்போதோ கரைந்து கடலோடு போய்விட்டது. ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, அடித்தரை 18 மீட்டர் வாக்கில். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழ் உள்ளவர் இறங்கக்கூடிய ஆழமும் அதே 18 மீட்டர்தான். அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

சான்றிதழ் இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் கணக்கில்லை. மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று எது இருந்தாலும் மறைக்காமல் எழுதி டாக்டரைப் பாருங்கள். "சின்ன வயசுல வந்தது, அதெல்லாம் எதுக்கு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

காலம்: மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. பருவமழையில் தீவின் விடுதிகளும் படகுகளும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், தீபாவளி விடுமுறைக்குத் திட்டம் போடாதீர்கள். பினாங்கிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கோலா பெசுட் ஜெட்டிக்குக் காரில் போகலாம். அந்தச் சாலையைப் பற்றிப் பின்னால் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது, கப்பலுக்கு என்று தனியாகக் கற்க வேண்டியது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் "உள்ளே போகலாமா அக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வருமா?" பவளப்பாறையில் மிதப்புக் கட்டுப்பாடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சமாளித்துவிடலாம். துருப்பிடித்த இரும்பின் பக்கத்தில் முடியாது. தகட்டு விளிம்பு ஈட்டியாக நிற்கும், வலை சிக்கியிருக்கும், நீங்கள் பிடிமானம் என்று நினைத்துக் கை வைக்கும் இடத்தில் விஷமுள் கொண்ட தேள்மீன் உட்கார்ந்திருக்கும்.

எனவே நீச்சல் குளத்திலேயே இதைச் செய்து பாருங்கள். முதலில் எடை. சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மட்டும் மீதி இருக்கையில், பிசிடியை, அதாவது காற்று ஏற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டையை, காலி செய்து சாதாரணமாக மூச்சு இழுத்து நிறுத்தினால், தண்ணீர்மட்டம் கண் உயரத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதற்கு மேல் ஈயம் கட்டாதீர்கள். கடல் நீரில் மிதப்பு கூடும், அங்கே மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கையைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே படுத்தவாக்கில் நில்லுங்கள். மூச்சு இழுத்தால் ஏறுவீர்கள், விட்டால் இறங்குவீர்கள், ஆனால் இரண்டுமே ஓரிரு நொடி தாமதமாக நடக்கும். அந்தத் தாமதம் பழகாமல் பிசிடி பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள்தான் கப்பல்மேல் போய் இடிக்கிறார்கள். மூச்சை அடக்கி மட்டும் நிற்காதீர்கள். ஏறும்போது நுரையீரல் கிழியும். காலை மேலும் கீழும் அடிக்காமல் தவளைபோல் பக்கவாட்டில் உதைக்கவும் பழகுங்கள். மேலும் கீழும் அடித்தால் கீழே கிடக்கும் சேறு கிளம்பி, உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது, காற்றுக் கணக்கு. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு ஆவதால் 56 லிட்டர் இழுப்பார். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர். 50 பார் மேலே வரும்போது மீதி இருக்க வேண்டும், அது 550. பாக்கி 1,650ஐ 56ஆல் வகுத்தால் முப்பது நிமிடம்கூட இல்லை. பதற்றத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். கப்பலின் நீளமோ சுமார் 90 மீட்டர். முழுதும் சுற்றிவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். பாதி பார்த்தால் போதும்.

உடைமைகளில், தண்ணீர் 28, 30 டிகிரி இருந்தாலும் முழுக்கை முழுக்கால் சூட் வேண்டும். குளிருக்காக இல்லை, துருவுக்காக. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். டார்ச் வேண்டும், ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் போய்விடும், வெளிச்சம் அடித்தால்தான் கப்பல்மேல் வளர்ந்திருப்பதன் உண்மையான நிறம் தெரியும். தூண்டில் நரம்பு அறுக்க ஒரு சின்னக் கத்தி. மாஸ்க்கில் தண்ணீர் புகுகிறது என்று ஆண்கள் பலர் குறைப்படுவதற்குக் காரணம் மீசை: மூக்குக்குக் கீழே மேல் விளிம்பை மட்டும் கொஞ்சம் மழித்தால் சரியாகிவிடும். பெண்கள் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், மாஸ்க் பட்டை வழுக்கும். தாலிக்கொடியும் சங்கிலியும் வீட்டிலேயே இருக்கட்டும். பசியாறும்போது சம்பல் போட்ட நாசி லெமாக் வேண்டாம், படகில் அது திரும்பி வரும்.

இறங்குவது மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சரிசெய்துகொண்டே இறங்குங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள், பலமாக ஊதாதீர்கள். சளி இருந்தால் அன்று படகில் உட்கார்ந்து படம் எடுங்கள். பத்து மீட்டர் தூரம் தெரிந்தால் அங்கே நல்ல நாள். பாதி தூரம் இறங்கும்வரை கப்பல் கண்ணிலேயே படாமல், திடீரென்று இரும்புச் சுவர் எதிரே வந்து நிற்கும். சிலருக்கு அந்த இடத்தில் நெஞ்சு படபடக்கும். கயிற்றை விடாமல் நின்று நாலைந்து முறை மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், அடங்கும்.

நீரோட்டத்தை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதோடு வாருங்கள். கயிறு கப்பலின் எந்தப் பகுதியில் கட்டியிருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 110 பார் ஆனதும் கூட்டாளிக்குக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். தகட்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் மூங்கில் சுறா படுத்திருக்கும். ஆளுக்குத் தீங்கு செய்யாது, வாலைத் தொட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம்.

சரி, உள்ளே போவது. வேண்டாம். சாய்ந்து கிடக்கும் கப்பலுக்குள் சுவர் தரையாகவும், கதவு தலைக்கு மேல் ஓட்டையாகவும் இருக்கும்; திசை மூளைக்குள் குழம்பிவிடும். நீங்கள் விடும் குமிழியே கூரைத் துருவை உதிர்க்கும். அதற்கெனத் தனிப் பயிற்சி, சுருள் கயிறு, மாற்று டார்ச், காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் போவதற்குச் செலவிடும் ஒழுங்கு எல்லாம் வேண்டும். வழிகாட்டியே "வா வா" என்று கூப்பிட்டாலும் தலையாட்டி மறுத்துவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அடுத்த தடவை வேறு படகு.

ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

இப்போது அந்தச் சாலை. பல டைவுக்குப் பிறகு விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிரிக் சாலை மலைத்தொடரைத் தாண்டிப் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 300 மீட்டருக்கு மேல் போனாலே டைவிங் கணக்கில் உயரம்தான், டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாகிவிடும், அதற்குக் காரும் விமானமும் ஒன்றே. மாலை டைவ் முடித்து ராத்திரியே ஸ்டியரிங் பிடித்தால் மூட்டு வலியோடு பினாங்கு வந்து சேரலாம். கடைசி நாளை டைவ் இல்லாமல் வைத்து, மறுநாள் கிளம்புங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இதேதான், எந்த வழியில் போனாலும் மலை குறுக்கே வருகிறது.

குவாந்தானுக்கு அப்பால் கிடக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் பற்றியும் கேட்பீர்கள். 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த அந்த இரண்டோடு 840 பேர் போனார்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டிய ஆழம், அதோடு அவை கல்லறைகள். பழைய இரும்புக்காக அவற்றைப் பெயர்த்து எடுத்தவர்களைப் பற்றி எழுதினால் வாயில் நல்ல வார்த்தை வராது. சின்னக் கப்பலிலிருந்தும் ஒரு ஆணிகூட எடுக்காதீர்கள்.

அடுத்த கட்டம் போர்னியோ பக்கத்துத் தீவான லாபுவான். 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு பயிற்சி முடித்த பிறகு, 1980இல் சிமெண்டோடு மூழ்கிய துங் ஹுவாங்கில் தொடங்குங்கள். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் வரும், கணக்கு மெதுவாகத்தான் ஓடும். 1945 ஜூனில் கண்ணிவெடியில் சிக்கிய அமெரிக்கக் கப்பல் சல்யூட் அதற்கு அப்புறம்.