ஒளியைத் திருப்பியது யார்? கைரல் கார்பன் புள்ளிகளை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஒரு சர்க்கரை ஆலையின் லேபில் வேலை பார்த்தார். கரும்புச் சாற்றைத் தெளியவைத்து, நீளமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, போலாரிமீட்டரில் வைப்பார். ஒளி அதிரும் தளம் எத்தனை பாகை வலப்பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும். அந்த எண்ணுக்கு ஆலையில் 'போல்' என்று பெயர். வெட்டி நாளான கரும்பு வந்தால் மட்டும் அப்பா அந்த எண்ணை நம்பமாட்டார். பழைய கரும்பில் நுண்ணுயிர்கள் டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கிவிடும். அது சர்க்கரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பலமாக ஒளியை வலப்பக்கம் திருப்பும். எண் ஏறும், சர்க்கரை ஏறாது.

கைரல் கார்பன் புள்ளிகளோடு வேலை செய்யும் மாணவர்களுக்கு நான் இப்போது உதவி வருகிறேன். அங்கே காணும் தவறுகளில் பாதி இந்த டெக்ஸ்ட்ரான் கதைதான். ஒளியில் ஒரு மாற்றம் தெரிகிறது. அதைச் செய்தது யார் என்று கேட்காமலே புள்ளிகளின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கார்பன் புள்ளிகள் பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள். 2004இல் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கிடைத்தவை. வலது கையுறை இடது கைக்குச் சேராததுபோல, கண்ணாடி பிம்பத்தோடு பொருந்தாத அமைப்பு இவற்றுக்கு இருந்தால் கைரல் என்கிறோம், அந்தக் குணம்தான் கைத்தன்மை. செய்வது எளிது. சிட்ரிக் அமிலத்தையும் எல்-சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தையும் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தம் தாங்கும் பாத்திரத்தில் அடைத்து, 180 பாகை செல்சியஸில் சில மணிநேரம் வைத்தால் போதும். யுவி டார்ச் அடித்தால் பளீரென்று நீலம்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. இந்தக் கலவையில் புள்ளிகள் உருவாவதற்கு முன்பே டிபிடிசிஏ (TPDCA) என்ற சின்ன மூலக்கூறு உருவாகிவிடும். அதுவும் நீலமாக, மிகப் பிரகாசமாக ஒளிரும். சிஸ்டீனின் கைரல் மையமும் அதற்குள்ளேயே இருப்பதால், ஒளிர்வு, கைத்தன்மை இரண்டையும் அதுவே காட்டிவிடும். டயாலிசிஸ், அதாவது நுண்துளைப் பை வழியாகச் சின்ன மூலக்கூறுகளைக் கழுவி வெளியேற்றுவது, செய்யும்போது இதை நேரிலேயே பார்க்கலாம். 1000 டால்டன் பையில் (ஏறக்குறைய அந்த எடைக்குக் குறைந்த மூலக்கூறுகளே வெளியேறும்) கரைசலை ஊற்றி, முடிச்சுப் போட்டு, பெரிய பீக்கரில் தண்ணீருக்குள் விடுங்கள். இரண்டு மணிநேரம் கழித்து விளக்கை அணைத்து டார்ச் அடியுங்கள். வெளித்தண்ணீர் முழுக்க நீலமாக எரியும். தண்ணீரை மாற்ற மாற்றப் பைக்குள் இருப்பது பழுப்பாக மங்கிக்கொண்டே வரும். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பைக்குள் மிச்சமிருக்கும் அந்த மங்கலான ஒளிதான் உங்களுடையது. வெளித்தண்ணீர் ஒளிராமல் போகும்வரை, இரண்டு மூன்று நாள் ஆனாலும், தண்ணீரை மாற்றுங்கள். முதலில் வெளியேறிய தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையும் அதே கருவியில் அளந்து, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது, உட்கவர்தலையும் உமிழ்வையும் குழப்பிக்கொள்வது. சிடி (வட்ட இருநிறமை) கருவி, இடப்பக்கமாகச் சுழன்று வரும் இடவட்ட ஒளியையும் வலப்பக்கமாகச் சுழன்று வரும் வலவட்ட ஒளியையும் பொருள் எவ்வளவு வித்தியாசமாக உட்கவர்கிறது என்று சொல்கிறது. சிபிஎல் (வட்ட முனைவாக்க ஒளிர்வு) கருவி, வெளியே வரும் ஒளியில் எந்த வட்டம் கூடுதல் என்று சொல்கிறது. 200 முதல் 250 நானோமீட்டரில் அழகான சிடி வந்திருக்கும், ஒளிர்வோ 450இல் இருக்கும். அந்தச் சிடி புள்ளியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அமினோ அமிலத்தின் குரலாக இருக்கலாம், ஒளிர்கிற பகுதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமலும் போகலாம். எனவே சிடி இருப்பதாலேயே "வட்ட முனைவாக்க ஒளியை உமிழ்கிறது" என்று எழுதக் கூடாது. அந்த உமிழ்வுக்கு ஜி என்ற எண் உண்டு. இடவட்ட, வலவட்ட ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுத்தால் கிடைப்பது. அதன் எல்லை கூட்டல் 2, கழித்தல் 2. கரைசலில் இருக்கும் புள்ளிகளுக்கு அது பெரும்பாலும் ஆயிரத்தில் ஓரிரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. யாராவது 0.5 என்று சொன்னால் கருவியைச் சந்தேகியுங்கள். பிரகாசம் கூடினால் ஜி கூடும் என்பதும் இல்லை.

ஜோடி இல்லாமல் அளப்பதையும் விட்டுவிடுங்கள். எல்-சிஸ்டீனில் ஒன்று, அதன் கண்ணாடி பிம்பமான டி-சிஸ்டீனில் ஒன்று, இரண்டும் சமமாகக் கலந்ததில் ஒன்று. முதல் இரண்டும் கண்ணாடி பிம்பங்களாக வர வேண்டும், மூன்றாவது பூச்சியத்தில் படுத்திருக்க வேண்டும். 2023இல் இங்கே மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, எங்கள் டி-சிஸ்டீன் கலவை ஓவனில் இருந்த நேரத்தில் கரண்ட் போய், இரண்டரை மணிநேரம் கழித்துத்தான் வந்தது. பிம்பம் பொருந்தவில்லை. மாணவி புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்றே நினைத்தாள். திரும்பச் செய்தோம், பொருந்திவிட்டது. அதிக நேரம் சூடாக்கினாலும் சிக்கல்தான், கைத்தன்மையே கரைந்துபோகும்.

எல் என்றால் ஒளியை இடப்பக்கம் திருப்பும் என்று எண்ணிவிடாதீர்கள். அது அமைப்பின் பெயர், திசையின் பெயர் அல்ல. டி-ஃபிரக்டோஸ் ஒளியை இடப்பக்கம்தான் திருப்புகிறது.

தண்ணீரே ஒளியைச் சிதறடிப்பதால் வரும் ராமன் முகடு இன்னொரு பொறி. 350 நானோமீட்டரில் தூண்டினால் ஏறக்குறைய 397இல் ஒரு சின்ன முகடு வரும், 400இல் தூண்டினால் 463இல். தூண்டும் அலைநீளத்தோடு அதுவும் நகர்வதால், மங்கலான மாதிரியில் அதையே "தூண்டலைப் பொறுத்து மாறும் ஒளிர்வு" என்று எழுதிவிடுகிறார்கள். வெறும் தண்ணீரை அளந்து கழித்தால் தெரிந்துவிடும். ஒளிர்வை அளக்கும்போது கரைசல் அடர்த்தியாக இருக்கக் கூடாது. தூண்டும் அலைநீளத்தில் உட்கவர் அளவு 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது.

அப்புறம் படலங்கள். கரைசலைக் கண்ணாடியில் காயவைத்தால் துகள்கள் ஒரே திசையில் அணிவகுக்கக்கூடும். அப்போது கைத்தன்மையே இல்லாத பொருளும் சிடி காட்டும். படலத்தை அப்படியே சுழற்றி நாலைந்து கோணங்களில் அளங்கள், பிறகு முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை. உண்மையான கைத்தன்மை எப்படி வைத்தாலும் குறி மாறாது. திருப்பியதும் குறி மாறினால், நீங்கள் அளந்தது காய்ந்த விதத்தை.