மட்டக்களப்புக் காற்றில் உலரும் குருதிப்பொட்டு: இலைசோசோம் நொதியங்களை அளவிடும் முறை

இலைசோசோம் சேமிப்பு நோய்களை உயிர்இரசாயன முறையில் ஆராய விரும்பி வரும் மாணவர்களும் இளம் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களும் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கருவியை வாங்குவது என்பதுதான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லும் விடை அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும்: முதலில் ஈரப்பதனைக் காட்டும் நிறமாற்ற அட்டைகளையும் சிலிக்கா ஜெல் பொதிகளையும் வாங்குங்கள், புளோரொளிர்வுமானி பிறகு வரட்டும். ஒரு நொதியத்தின் செயற்பாடு குறைந்திருப்பதாக எண் வந்தால், அது பிள்ளையின் உடலிலேயே குறைந்திருந்ததா, அல்லது குருதிப்பொட்டு எடுத்த அட்டை உலர்ந்து கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவேண்டும். அதற்கு வழி செய்யாமல் தொடங்கிய ஆய்வை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் காப்பாற்றாது.

இந்நோய்கள் ஏறத்தாழ 70 வகைப்படும். கலத்தினுள் தேவையற்ற பெரிய மூலக்கூறுகளை உடைக்கும் இலைசோசோமில் ஏதேனும் ஒரு நொதியமோ, அதற்கு உதவும் புரதமோ பழுதுபட்டால், உடைக்கப்படாத பொருள் அங்கேயே தேங்கி, ஈரல், மண்ணீரல், இதயம், எலும்பு, மூளை என்று அந்தப் பொருள் எங்கே மிகுதியாக உண்டோ அங்கெல்லாம் கேடு விளைவிக்கிறது. தனித்தனியே பார்த்தால் இவை மிக அரியவை. ஆனால் அவுஸ்திரேலியாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, அனைத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 7,700 பிறப்புக்கு ஒன்று எனக் கணக்கிட்டது. 1963இல் பெல்ஜிய ஆய்வாளர் ஹென்றி-ஜெரி ஹெர்ஸ், பொம்பே நோயில் அமில அல்பா-குளுக்கோசிடேசு என்னும் நொதியம் இல்லாதிருப்பதைக் காட்டியபோதுதான் இலைசோசோமுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலாக வெளிப்பட்டது.

இலைசோசோமின் கண்டுபிடிப்பே ஒரு மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்ததால் நேர்ந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1949இல் கிறிஸ்டியன் டி டூவின் குழு எலியின் ஈரலில் அமில பொஸ்பற்றேசை அளந்தபோது, எதிர்பார்த்ததில் சிறு பங்கே கிடைத்தது. அதே மாதிரியைச் சில நாட்கள் குளிரில் வைத்து மீண்டும் அளந்தபோது செயற்பாடு பன்மடங்கு கூடியிருந்தது. நொதியம் ஒரு மென்சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்ததும், பை சிதைந்தபின்பே வெளியே வந்ததும் அதன்பின் தெளிவாயின. வைத்திருத்தல் என்னும் ஒரே செயல் அளவைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும் என்பதை ஆய்வாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

யாரிடம் மாதிரி எடுப்பது என்பதைச் சிறுவர் நல வைத்தியருடன் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்த பின்னர், மண்ணீரல் பெருத்த பிள்ளையைக் கண்டதும் மலேரியாவை நினைக்கும் பழக்கம் தேய்ந்துவிட்டது. தலசீமியாவும் குருதிப் புற்றுநோயும் இல்லையென்றானபின் இலைசோசோம் நோய்களுள் ஒன்றான கோஷே நோயை நினைப்பதற்கு இடம் உண்டு. தளர்ந்த தசையும் பெருத்த இதயமும் உள்ள குழந்தையிடம் பொம்பே நோயையும், கச்சான் காற்று வீசும் ஆடி வெயிலிலும் வியர்க்காமல், கைகால் எரிகிறது என்று அழும் சிறுவனிடம் ஃபேப்ரி நோயையும் தேடலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் கிடைக்கும்வரை ஊசியைத் தொடக்கூடாது.

குடும்ப வரலாறு கேட்பதில் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு பொறி உண்டு. இந்நோய்களுட் பெரும்பாலானவை, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தாலே வெளிப்படுபவை. ஆகவே பெற்றோர் இரத்த உறவினரா என்று கேட்டாக வேண்டும். ஒரு தாயிடம், சொந்தத்திலா கட்டினீர்கள் என்று கேட்டேன். “இல்ல தம்பி, வேற குடிதான்” என்றார். படிவத்தில் ‘உறவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போன பின்னரே, “அவர் எங்கட மாமாட மகன்” என்பது பேச்சோடு பேச்சாக வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மட்டக்களப்பிலும், அம்பாறைக் கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியே வருகிறது. மாமாவின் மகன் தன் தாயின் குடியைச் சேர்ந்தவனாதலால், மருமகளுக்கு அவன் வேறு குடிதான், முறை மச்சான்தான். ஆனால் பரம்பரையலகுகளுக்குக் குடி தெரியாது. ஆகையால் குடியைக் கேட்பதோடு நிறுத்தாமல், இரு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் கேட்டு, வம்சவரைபடத்தை அவர்கள் கண்முன்னே வரைவதே சரியான முறை.

அடுத்தது மாதிரி. 2001இல் ஆர்ஜென்டீனாவின் நெஸ்டர் சமோலெஸ், வடிதாளில் உலர்ந்த குருதிப்பொட்டிலேயே இலைசோசோம் நொதியத்தை அளக்கலாம் எனக் காட்டியதால்தான், எங்களைப்போல் பெரிய ஆய்வுகூடத்துக்குத் தொலைவில் இருப்போருக்கு இந்த ஆய்வு கைக்கெட்டியது. வட்டம் அச்சிட்ட வடிதாள் அட்டையில், ஒரு வட்டத்துக்கு ஒரே துளியாக, தாளின் பின்புறம்வரை ஊறும்படி குருதியை விட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகத் துளி விட்டால், துளைத்தெடுக்கும் வில்லையில் எவ்வளவு குருதி உள்ளது என்ற கணக்கே பிழைத்துவிடும். வட்டத்தை விரலால் தொடுவதும் கூடாது. பிள்ளைக்கு அண்மையில் குருதி ஏற்றியிருந்தால், கொடையாளியின் நொதியம் குறைபாட்டை மறைத்துவிடும். எனவே ஏற்றும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

உலர்த்தும் விடயத்தில் நான் பட்டது போதும் என்பதால், இதை மட்டும் விரிவாகவே எழுதுகிறேன். அட்டையைக் கிடையாக, இருபுறமும் காற்றுப்படும்படி ஒரு தாங்கியில் வைத்து, அறை வெப்பநிலையில் குறைந்தது 4 மணிநேரமாவது உலரவிட வேண்டும். வெயிலில் வைப்பதும், முடி உலர்த்தியின் சூடான காற்றைக் காட்டுவதும் நொதியத்தைக் கொல்லும். ஆனால் 4 மணிநேரம் என்பது குளிரூட்டிய வறண்ட அறைக்குச் சொன்ன கணக்கு. மார்கழி மாரியில், வாவியோரத்து அறையொன்றில், சுவரே வியர்த்து நிற்கும்போது அது போதாது. பொட்டு சிவப்பு மாறி, முழுவதும் ஒரே கபில நிறமாகும்வரை காத்திருந்து, பின்னர் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதன் அட்டையும் சேர்த்து, காற்றுப் புகாத பையில் இட வேண்டும். பையினுள் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கு மேற்பட்டால் பொதியை மாற்ற வேண்டும். கச்சான் காலத்தில் இதற்கு நேர்மாறு: அட்டை விரைவாக உலரும், ஆனால் பஸ்ஸின் பொதி அறையில் நண்பகல் முழுவதும் வேகும். எனவே இரவுப் பயணத்தில் அனுப்புவதே நல்லது.

நான் செய்த பிழை மாரிப் பிழை. மேற்பரப்பு காய்ந்துவிட்டது என்று நம்பி, சிலிக்கா ஜெல் இல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அட்டையைச் சாதாரணப் பொலித்தீன் பையில் மூடினேன். அது திங்கட்கிழமைதான் புறப்பட்டது. கோஷே நோயில் குறையும் பீற்றா-குளுக்கோசிடேசு மிகக் குறைவு என்று முடிவு வந்தபோது, ஒரு நோயாளியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் எனக்கு வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டையின் நிலையை அறிய அதிலேயே அளக்கும் ஒப்பீட்டு நொதியத்தின் அளவு என்ன என்று ஒரு மூத்தவர் கேட்டபின்தான் அந்த வரியைப் பார்த்தேன். அதுவும் விழுந்து கிடந்தது. புதிய மாதிரியில் இரண்டும் இயல்பாகவே இருந்தன. இடைப்பட்ட இரு வாரங்களும் அந்தப் பிள்ளையின் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நான் கேட்கத் துணியவில்லை.

ஒவ்வொரு அட்டையிலும், தேடும் நொதியத்தோடு குறைந்தது இன்னொரு நொதியத்தையும் அளந்தே ஆக வேண்டும் என்பது அன்றிலிருந்து என் விதி. அந்தச் சாட்சியைத் தேர்வதிலும் கவனம் தேவை. ஹெக்சோசமினிடேசு என்னும் நொதியத்தின் பீ வடிவம் வெப்பத்தைத் தாங்கும், ஏ வடிவம் தாங்காது. இன்னொரு இலைசோசோம் நோயான டே-சாக்ஸைக் கண்டறியும் பழைய வெப்பச் சோதனையே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஆகவே மொத்த ஹெக்சோசமினிடேசு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து, வெப்பத்துக்கு எளிதில் அழியும், ஃபேப்ரி நோயில் தேடும் அல்பா-கலக்டோசிடேசு ஏ-யும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வலியவனைச் சாட்சிக்கு அழைத்து மெலிந்தவனின் நலனைக் கேட்பது போன்றது அது. இதனினும் நம்பகமான வழி, அதே நாளில், ஒத்த வயதுடைய, உறவல்லாத, நலமான ஒருவரின் குருதிப்பொட்டையும் உரிய சம்மதத்துடன் எடுத்து, அதே தாங்கியில் உலர்த்தி, அதே பையில் அனுப்புவதாகும். வழியில் நேர்ந்த கேட்டை அந்த இரண்டாவது அட்டை காட்டிக்கொடுக்கும்.

அளவீட்டின் அடிப்படை எளிது. 4-மெதைலம்பெலிபெரோன் என்னும் ஒளிரும் மூலக்கூறை ஒரு சர்க்கரையோடு பிணைத்த கீழ்ப்படையை (நொதியம் வெட்டும் பொருளை) நொதியத்துக்குக் கொடுத்தால், நொதியம் பிணைப்பை வெட்டும்போது அம்மூலக்கூறு விடுபடுகிறது. 3 மில்லிமீற்றர் வில்லையைத் துளைத்து, சாறெடுத்து, அமிலத் தாங்கற் கரைசலில் கீழ்ப்படையுடன் 37 பாகை செல்சியஸில் வைத்து, பின்னர் பீஎச் 10க்கு மேற்பட்ட கிளைசீன்-காபனேற்றுக் கரைசலால் நிறுத்த வேண்டும். காரத்தன்மை நொதியத்தை நிறுத்துவதோடு ஒளிர்வையும் உச்சத்துக்குக் கொண்டுவருகிறது. 365 நனோமீற்றர் அளவில் தூண்டி, 450 அளவில் வாசிக்கலாம்.

நுட்பமெல்லாம், தேடும் நொதியத்தைப்போலவே நடிக்கும் மற்றவற்றை அடக்குவதில் இருக்கிறது. கோஷே நோய்க்கான பீற்றா-குளுக்கோசிடேசுக்கு சோடியம் டோரோகோலேற்று சேர்க்க வேண்டும். ஃபேப்ரி நோய்க்கான அல்பா-கலக்டோசிடேசு ஏ-யை அளக்கும்போது, பீ வடிவத்தை என்-அசற்றைல்கலக்டோசமைன் அடக்கும். பொம்பே நோயில், நடுநிலைக்குழியங்கள் என்னும் வெண்குழியங்களிலிருந்து வரும் மோல்ற்றேசு-குளுக்கோஅமைலேசை அடக்க அக்காபோசு தேவை. இந்த நிரோதி இல்லாவிட்டால், நோயுள்ள பிள்ளை நலமாகத் தெரியும்.

குருதியின் ஹீமோகுளோபின் ஒளிர்வை விழுங்கும். ஆகவே நியமக் கரைசல்களையும் குருதிச் சாறு கலந்தே தயாரிக்க வேண்டும். நிறுத்தும் கரைசலை முதலிலேயே விட்டு, அதன்பின் சாற்றைச் சேர்த்த வெற்றுக் குழாயின் அளவை ஒவ்வொரு மாதிரியிலும் கழிக்க வேண்டும். கணக்கு இப்படி அமையும்: 3.1 மைக்ரோலீற்றர் குருதி கொண்ட வில்லை, 20 மணிநேரத்தில் 0.186 நனோமோல் விளைபொருளைத் தந்தால், 0.186ஐ 20ஆலும் 0.0031 மில்லிலீற்றராலும் வகுக்க, மணிக்கு மில்லிலீற்றருக்கு 3 நனோமோல் வரும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்களுக்கு, 20 மணிநேரம் 37 பாகையைக் காப்பது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. மின் தடைப்பட்ட தொகுதியைத் திருத்திக் கணக்கிடாமல், புதிய வில்லைகளில் மீண்டும் செய்யுங்கள்.

குறைந்த எண் கிடைத்தாலும் அது நோயின் பெயர் ஆகிவிடாது. முதலில் புதிய பொட்டு, அதன்பின் ஹெபரின் (குருதி கட்டியாவதைத் தடுக்கும் மருந்து) இட்ட குழாயில் எடுத்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சேர்ப்பிக்கும் குருதியின் வெண்குழியங்கள், அதன்பின் பரம்பரையலகுச் சோதனை என்று படிப்படியாகவே உறுதி செய்ய வேண்டும். ஹெபரின் குழாயைக் குளிரில் ஒருபோதும் பனிக்கட்டியாக உறையவிடக்கூடாது. ஏரைல்சல்பற்றேசு ஏ என்னும் நொதியம் குறைந்திருந்தும் வாழ்நாள் முழுவதும் நலமாக இருப்போர் உண்டு. அவர்களைப் பிரித்தறிய, அந்நொதியம் உடைக்கும் பொருளான சல்பற்றைட்டைச் சிறுநீரில் தேட வேண்டும். ஒரு சல்பற்றேசு குறைந்தால், இன்னொன்றையும் அளக்காமல் பெயர் சூட்டக்கூடாது. பல சல்பற்றேசுகள் ஒருங்கே குறையும் நோயும் இருக்கிறது. ஐ-கல நோயில், இலைசோசோமுக்கு அனுப்பும் மனோசு-6-பொஸ்பேற்று என்னும் முகவரி ஒட்டப்படாத நொதியங்கள் கலத்துக்கு வெளியே கசிந்து குருதித் திரவவிழையத்தில் மிகையாகக் காணப்படும். ஃபேப்ரி நோயுள்ள பெண்களில் நொதியம் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்குப் பரம்பரையலகுச் சோதனையை விட்டுவிட முடியாது. உடன்பிறந்தோர் காவிகளா (நோயின்றிப் பழுதான பரம்பரையலகைச் சுமப்போரா) என்று பெற்றோர் கேட்டாலும் நொதிய எண்ணை வைத்து விடை சொல்லாதீர்கள்: காவிகளின் அளவும் நலமானோரின் அளவும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன.

எஞ்சிய பொட்டுகளைக் குறியீட்டு எண், எடுத்த திகதி, உலர்த்திய நேரம் ஆகியவற்றுடன், புதிய சிலிக்கா ஜெல்லிட்ட பையில் மறை 20 பாகை செல்சியஸில் (−20 °C) வைக்கலாம். மீண்டும் எடுக்கும்போது, பை அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காமல் மேசையில் வைத்திருங்கள். குளிர்ந்த அட்டையில் எங்கள் ஊர்க் காற்றுப் பட்டால், நொடியில் வியர்த்துவிடும்.