டர்பனில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு

வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். வேலை தேடுகிறவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது 2014ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கச் சட்டம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிவு இலவசம்தான்.

அரசு வேலை என்றால் இசட்83 (Z83) என்ற விண்ணப்பப் படிவம் கட்டாயம். பல பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். எவ்வளவு படித்திருந்தாலும் சரி, கையெழுத்தில்லாத படிவத்தை ஒதுக்கிவிடுவார்கள். அனுப்புமுன் ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். முத்திரையிட்ட சான்றிதழ் நகல்களை நேர்காணலுக்குத் தேர்வானபின் கொடுத்தால் போதும். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழின் அசலோடு காவல் நிலையம் போனால் இலவசமாகவே முத்திரை போட்டுத் தருவார்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை மாற்றிவிடாதீர்கள். அழைப்பு அதில்தான் வரும்.