'தி தேர்ட் மேன்' மாஸ்டர்பீஸா, ஓவர் பில்டப்பா? சண்டை போடுறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருட்டும் நிழலுமா எடுத்த பழைய க்ரைம் படங்கள்ல, அதாவது ஃபிலிம் நுவார்ல (சில பேர் இத நாயர்னு எழுதி டீக்கடை ஞாபகத்த வர வச்சிடுறாங்க) ரெண்டு கோஷ்டி விடாம மோதிக்கிற படம் 1949ல வந்த 'தி தேர்ட் மேன்'. இந்த மாதிரி ஒண்ணு இனிமே வராதுன்னு ஒரு கோஷ்டி, இதுக்கா இவ்ளோ சீன்னு இன்னொரு கோஷ்டி. நான் ரெண்டுலயும் இருந்திருக்கேன். மொத தடவ ராத்திரி பஸ்ல, போன்ல, பாதி தூக்கத்துல பாத்துட்டு மொக்கைன்னு முடிவு கட்டினேன். ரெண்டாவது தடவ ஒழுங்கா உக்காந்து பாத்தப்பதான் மனசுல வேற ஏதோ ஒரு படத்த வச்சுக்கிட்டு இத திட்டியிருக்கேன்னு தெரிஞ்சுது. கதைய முழுசா உடைச்சுதான் பேசப்போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.

நான் பண்ண மொத தப்பு, இத ட்விஸ்ட் படம்னு நெனச்சு உக்காந்தது. போர் முடிஞ்ச வியன்னா, அமெரிக்கா பிரிட்டன் பிரான்ஸ் ரஷ்யான்னு நாலு பேர் கூறு போட்டு வச்சிருக்கிற ஊரு, அங்க ஹோலி மார்ட்டின்ஸ்னு சுமாரான கௌபாய் நாவல் எழுதுற ஒரு அமெரிக்கன் தன்னோட ஃப்ரெண்டு ஹாரி லைம் வேலை தர்றான்னு நம்பி வர்றான், வந்து எறங்கினா ஃப்ரெண்டுக்கு சாவு சடங்கு நடந்துட்டு இருக்கு. லாரி மோதி செத்துட்டானாம். தூக்கிட்டு போனது ரெண்டு பேர்ங்கிறாங்க, வாட்ச்மேன் மட்டும் மூணாவதா ஒருத்தன் இருந்தான்ங்கிறான். அந்த மூணாவது ஆளு யாருன்னு நமக்கு எப்பவோ தெரிஞ்சிடும், சாகாத ஹாரியேதான், ஏன்னா ஹாரியா நடிச்ச பிரபல டைரக்டர் ஆர்சன் வெல்ஸ் மூஞ்சி போஸ்டர்லயே இருக்கு. அப்புறம் என்னத்த சஸ்பென்ஸ்னு கேட்டா நியாயம்தான், ஆனா யாருன்னு கண்டுபிடிக்கிறது பாதி படத்தோட முடிஞ்சிடுது. மீதி முழுக்க, தெரிஞ்சதுக்கப்புறம் ஹோலி அவன காட்டிக் கொடுப்பானா மாட்டானாங்கிறதுதான்.

அடுத்தது, இத வெல்ஸ் படம்னு நெனச்சு கொண்டாடுறதும் அதே காரணத்துக்காக திட்டுறதும். டைரக்ட் பண்ணது கரோல் ரீட், எழுதினது கிரஹாம் கிரீன், கேமரா ராபர்ட் கிராஸ்கர், அவருக்கு இதுக்கு ஆஸ்காரும் கெடைச்சது. வெல்ஸ் முகமே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழிச்சுதான் வருது. சுவிட்சர்லாந்து குடுத்தது வெறும் குக்கூ கடிகாரம்தான்னு ஹாரி நக்கல் அடிக்கிற அந்த ஃபேமஸ் வசனத்த மட்டும் அவரே சேத்தாரு. அதுலயும் குக்கூ கடிகாரம் ஜெர்மனியோட பிளாக் ஃபாரஸ்ட் பக்கத்து சரக்கு, சுவிஸ்காரங்க கண்டுபிடிப்பு இல்ல. ஆனா அத வச்சு படத்த மடக்கிட்டதா நெனைக்காதீங்க, ஹாரி லைம் வாயில உண்மை வரும்னு யாரு சொன்னா?

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற தப்பு. ஹாரி செம கெத்துன்னு ரசிச்சுட்டு, அதுக்காகவே படம் சூப்பர்னு சொல்றது, இல்லன்னா வில்லன ஹீரோவாக்கிட்டாங்கன்னு கோவப்படுறது. பிராட்டர் பூங்காவுல ராட்டினத்து உச்சியில நின்னு கீழ பாத்து, அந்த புள்ளியில ஒண்ணு அசையாம போனா உனக்கு நெஜமாவே வலிக்குமா, ஒரு புள்ளிக்கு 20,000 பவுண்டு தர்றேன்னா வேணாம்பியான்னு கேப்பான். சிரிச்சுக்கிட்டே கேப்பான், நாமளும் சிரிச்சிடுவோம். அவன் பண்ற தொழில் என்னன்னா ஆஸ்பத்திரி பென்சிலின திருடி தண்ணி கலந்து விக்கிறது. அதுல பாழா போன குழந்தைங்கள படம் ஒரு தடவகூட காட்டாது. வார்டுல நடந்து போற ஹோலியோட மூஞ்சிய மட்டும் காட்டும், அப்புறம் தலைகீழா போடப்படுற ஒரு கரடி பொம்மை, அவ்ளோதான். ராட்டினத்துல சிரிச்சவங்களுக்கு இங்க வயித்த பிசையலன்னா படம் வேலை செய்யலன்னு அர்த்தம், அது ஒத்துக்க வேண்டிய விமர்சனம். வேலை செஞ்சவங்கதான் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க.

கேமரா சாய்ஞ்சு சாய்ஞ்சு இருக்கிறத பத்தி சண்டை போடுறவங்க, சாய்ஞ்சாலே நுவார், நுவார்னாலே கிளாசிக்னு ஒரு கணக்கு போடுறாங்க. உண்மைய சொல்லணும்னா சில எடத்துல எனக்கும் ஓவராதான் தெரியுது, சும்மா வீட்டுக்குள்ள நின்னு பேசுற சீனுக்கு எதுக்கு சுவரு கவுரணும்? இத பாத்துட்டு டைரக்டர் வில்லியம் வைலர் ரீடுக்கு ஒரு ரசமட்டம் அனுப்பி வச்சு, அடுத்த தடவ கேமரா மேல இத வைங்கன்னு நக்கல் அடிச்சதா ஒரு கதை உண்டு. குறை சொன்னா சினிமா தெரியாதவன்னு யாராச்சும் பாஞ்சா வைலர் பேர சொல்லுங்க.

இசை விஷயத்துல மொதல்ல அது சிதார் இல்ல. ஸிதர், நம்ம சுரமண்டல் மாதிரி படுக்க வச்சு மீட்டுற தந்தி வாத்தியம். வியன்னாவுல ஒயின் கடையில வாசிச்சிட்டு இருந்த ஆன்டன் காராஸ புடிச்சு முழு படத்துக்கும் வாசிக்க வச்சாரு ரீட். சாவு, துரோகம்னு ஓடும்போது பின்னாடி ஜாலியா டிங் டிங்னு கேக்குது, கடுப்பாகுதுன்னு சொல்றவங்கள எனக்கு புரியுது. ஆனா சோக வயலின் போட்டிருந்தா ஹாரியோட திமிர் வந்திருக்காது.

பாக்குற விதத்துலயே பண்ற தப்பு ரெண்டு. ஜெர்மன் வசனத்துக்கும் சப்டைட்டில் தேடிப் போட்டுக்கிட்டு பாக்காதீங்க, வேணும்னேதான் மொழிபெயர்க்காம விட்டிருக்காங்க. பந்த வச்சுக்கிட்டு ஒரு பொடியன் ஹோலிய கைகாட்டி கத்துவான், கூட்டம் மொறைக்கும், அவனுக்கும் புரியாது நமக்கும் புரியாது, அந்த பயம்தான் சீனே. இன்னொண்ணு, அமெரிக்காவுல வெட்டி வெளியிட்ட 93 நிமிஷ வெர்ஷன் ஒண்ணு இருக்கு, ஆரம்ப வாய்ஸ் ஓவர்கூட வேற. 104 நிமிஷம் ஓடுறதுதான் பிரிட்டிஷ் ஒரிஜினல், எத பாத்துட்டு பேசுறீங்கன்னு பாத்துக்கோங்க.

லிஸ்ட்ட காட்டி வாய அடைக்கிறதும் வேணாம். 1999ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் சிறந்த பிரிட்டிஷ் படங்கள் லிஸ்ட்ல இத முதல் இடத்துல வச்சது நெஜம். அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டோட 100 படங்கள் லிஸ்ட்ல 57வது, 2007ல அதே லிஸ்ட்ட புதுசா போட்டப்ப ஆளையே காணோம். படம் மாறவேயில்லையே.

கடைசியா கல்லறை ரோடு. ஹோலி ஓரமா நிப்பான், ஹாரியோட காதலி அன்னா தூரத்துல இருந்து நடந்து நடந்து வருவா, வெட்டே இல்ல, நேரா வந்து அவன திரும்பிக்கூட பாக்காம தாண்டி போயிடுவா, அவன் சிகரெட்ட பத்த வச்சுட்டு நிப்பான். ரெண்டு பேரும் சேரணும்னு கிரீன் நெனச்சாரு, ரீட் ஒத்துக்கல, ரீட் சொன்னதுதான் சரின்னு பின்னாடி கிரீனே எழுதிட்டாரு. இந்த ஒரு ஷாட்ட பத்து பத்து செகண்டா ஃபார்வர்ட் அடிச்சு பாத்துட்டு படம் ஸ்லோன்னு சொன்ன ஒரு ஆள எனக்கு நல்லாவே தெரியும், பஸ்ல பாதி தூக்கத்துல இருந்தான்.