இஸ்தான்புல் கூரைச் சந்தையில் வழி தவறினால்

இஸ்தான்புல்லின் பழைய கூரைச் சந்தைக்கு உள்ளூர்ப் பெயர் கபாலுசார்ஷு. 1461 வாக்கில் எழும்பிய ஒரு சின்ன கட்டடத்தைச் சுற்றி நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தது. இன்று 61 தெருக்கள், 4,000-க்கு மேல் கடைகள், ஏறக்குறைய இருபது வாசல்கள். முதல் தடவை போகிறவர் உள்ளே வழி தவறத்தான் செய்வார். அதற்காகப் பயந்து வாசலோரக் கடைகளோடு திரும்பிவிடாதீர்கள், நல்ல சரக்கு உள்ளேதான் இருக்கிறது. தரை எந்தப் பக்கம் சரிகிறது, டி1 ட்ராம் எங்கே நிற்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடலாம்.

முதலில், இங்கே மட்டும் ஏன் இப்படிக் குழம்புகிறது? வெயில் படாது. கூரை முழுக்கக் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வளைவுகள். வெளிச்சம் மேலே உள்ள சின்ன ஜன்னல்கள் வழியாக மட்டும் இறங்கும். நிழலைப் பார்த்துத் திசை சொல்ல வழியில்லை. அதே தடித்த கூரைதான் ஜிபிஎஸ் சிக்னலையும் மறிக்கிறது: போனில் நீலப் புள்ளி இரண்டு தெரு தள்ளிக் குதிக்கும், நீங்கள் நின்றாலும் அது நடக்கும். அதை நம்பி நடப்பவர்கள்தான் அதிகம் சுற்றுகிறார்கள். இன்னொன்று, கடைகள் எல்லாம் ஒரே மாதிரி. "வண்ணக் கண்ணாடி விளக்கு தொங்குகிற கடைக்குப் பக்கத்தில்" என்று அடையாளம் வைத்தால் தொலைந்தீர்கள். அந்த விளக்கு பத்தடிக்கு ஒரு கடையில் தொங்குகிறது.

மனதில் பதிய வேண்டிய வரைபடம்

சந்தையின் தென்பக்கம் கல்பாக்சுலார் என்ற அகலமான தெரு கிழக்கு மேற்காக நேராக ஓடுகிறது. இரு புறமும் தங்கக் கடைகள், கண் கூசும் வெளிச்சம்; பார்த்தால் மறக்காது. அதன் கிழக்கு முனை நூருஒஸ்மானியே வாசல், மேற்கு முனை பெயாஸுத் வாசல். சந்தையின் பெரும்பகுதி இந்தத் தெருவுக்கு வடக்கே இருக்கிறது. கல்பாக்சுலார் மேட்டில் இருக்கிறது. வடக்கே போகப் போகத் தரை கடலை நோக்கி, அதாவது கோல்டன் ஹார்ன் என்ற நீர்ப்பரப்பை நோக்கிச் சரியும்.

ஆகவே வழி தெரியாதபோது மேடு பார்த்து நடங்கள். கால் ஏறினால் தங்கக் கடைத் தெருவுக்குப் போகிறீர்கள், இறங்கினால் எமினோனு படகுத் துறைப் பக்கம் போகிறீர்கள். நடுப்பகுதியில் சரிவு சட்டென்று தெரியாது. அங்கே சின்னச் சந்துகளை விட்டுவிட்டு நீளமான தெரு ஒன்றில் ஐம்பது அறுபது தப்படி நடந்து பாருங்கள், முழங்கால் சொல்லிவிடும்.

மேலே போனாலும் கீழே போனாலும் கடைசியில் சேருவது ஒரே ட்ராம் பாதைதான். பெயாஸுத் வாசலுக்கு வெளியே டி1 ட்ராமின் பெயாஸுத் நிறுத்தம். நூருஒஸ்மானியே வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் அதே ட்ராமின் செம்பர்லிதாஷ் நிறுத்தம். கீழே எமினோனுவிலும் அதே டி1. சுல்தானாஹ்மெத் பக்கம் தங்கியிருப்பவர்கள் மேலேயிருந்து ஏறினால் கபாதாஷ் என்று பலகை போட்ட வண்டியிலும், கீழே எமினோனுவிலிருந்து ஏறினால் பாஜுலார் என்று போட்ட வண்டியிலும் ஏற வேண்டும். அதனால் இஸ்தான்புல்கார்ட் பயண அட்டையில் இரண்டு பயணத்துக்கான பணம் எப்போதும் இருக்கட்டும்.

உள்ளே போகும் முன்

நுழையும் வாசலின் பெயர்ப் பலகையை போட்டோ எடுங்கள். தங்கும் விடுதியின் முகவரியையும் போட்டோவாக வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாவிட்டாலும் அதைக் காட்டலாம். பிறகு பெரிய தெரு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் மூலையில் உள்ள தெருப் பலகையை ஒரு போட்டோ. வழி தவறியதும் அவற்றைப் பின்னோக்கிப் புரட்டினால் வந்த பாதை அப்படியே கிடைக்கும். ஐந்தாறு படம் போதும், விளக்கையும் கம்பளத்தையும் எடுக்கிற ஐம்பது படத்துக்கு நடுவே இவை புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து வெளியே வரும் அந்த நொடி

பெரும்பாலோர் திசை இழப்பது நடக்கும்போது அல்ல, கடைப் படி இறங்கும்போது. அரை மணி நேரம் பேரம் பேசி, டீ குடித்து, வெளியே வந்ததும் கால் தன் போக்கில் திரும்பிவிடும். இதற்கு ஒரு எளிய விதி உண்டு. நுழையும்போது கடை உங்கள் வலக்கைப் பக்கம் இருந்ததா? வெளியே வந்ததும் வலப்பக்கமே திரும்புங்கள், போய்க்கொண்டிருந்த திசையிலேயே போவீர்கள். இடக்கைப் பக்கக் கடை என்றால் இடப்பக்கம். வந்த வழியே திரும்ப வேண்டுமென்றால் இதற்கு நேர் எதிர்.

இந்த விதி ஒரு வாசல் உள்ள கடைக்குத்தான். சந்தையின் நடுவில் உள்ள பழைய கட்டடம், இச் பெதெஸ்தென், நான்கு திசைக்கும் நான்கு வாசல் கொண்டது. பழம்பொருளும் வெள்ளியும் பார்த்துக்கொண்டே சுற்றிவிட்டு வேறு வாசலில் இறங்கினால் எல்லாம் தலைகீழாகும். ஆகவே வாசல் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: வடக்கே சஹாஃப்லார், தெற்கே தக்கேஜிலெர், கிழக்கே குயும்ஜுலார், மேற்கே ஸென்னெஜிலெர். கல்பாக்சுலாருக்குத் திரும்ப வேண்டுமா, தக்கேஜிலெர் வாசலில் இறங்குங்கள்.

ஹான் என்று பலகை போட்ட முற்றங்களும் அப்படித்தான். பழைய வணிகர் சத்திரங்கள் அவை, பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் பெரும்பாலும் முட்டுச்சந்து. உள்ளே போன வாசலாலேயே திரும்பிவிடுங்கள்.

பலகையைப் படிப்பது

துருக்கி மொழி இப்போது ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது, படிக்கலாம். புள்ளியில்லாத 'ஐ' எழுத்தைக் கண்டால் 'பத்து' என்பதில் கடைசியில் வரும் குற்றியலுகரத்தைப் போல உச்சரியுங்கள். மற்ற நாட்டுப் பயணிகள் தடுமாறும் ஒலி இது. தமிழ் நாக்குக்கு இயல்பாக வரும். வாசலுக்குக் 'கபு' என்று பெயர், அந்த உகரத்தை இழுக்காமல் விட்டால் சரியாக இருக்கும்.

தெருப் பெயர்கள் பெரும்பாலும் தொழில்களின் பெயர்கள். நம் ஊரில் வளையல்காரத் தெரு இருப்பதைப் போல. கடைசியில் வரும் 'ஜுலார்', 'ஜிலெர்', 'சுலார்' எல்லாமே 'காரர்கள்'தான்: ஹாலுஜுலார் என்றால் கம்பளக்காரர்கள், குயும்ஜுலார் என்றால் நகைக்காரர்கள். ஆனால் பெயரைப் பார்த்துச் சரக்கைத் தேடாதீர்கள். கல்பாக்சுலார் என்றால் குல்லாய்க்காரர்கள். அங்கே விற்பது தங்கம்.

ஒரு கடைக்குத் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் அவர்களுடைய விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்குங்கள். தெருப் பெயரும் கதவு எண்ணும் அதில் இருக்கும். பின்பக்கம் விலையையும் நீங்களே குறித்துவைத்தால் பேரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

தானாக அருகில் வந்து "வழி காட்டுகிறேன்" என்பவரோடு போகாதீர்கள். வழி பெரும்பாலும் ஒரு கம்பளக் கடையில் முடியும். கடைக்குள் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். அவரைவிட நல்ல வழிகாட்டி டீ கொண்டு போகிறவர். மூன்று கம்பிகள் மேலே ஒன்றாகச் சேரும் தொங்கு தட்டு, அதில் இடை சிறுத்த கண்ணாடி டம்ளர்கள், நெரிசலிலும் சொட்டுச் சிந்தாத நடை. நாள் முழுக்கக் கடை கடையாகப் போகிறவருக்குத் தெரியாத சந்து இல்லை. அவருக்கு நிற்க நேரமில்லை, "பெயாஸுத்?" என்று ஒரே சொல். மோவாயால் திசை காட்டிவிட்டுப் போவார்.

"இது பெயாஸுத் போகும் வழியா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் சொல்லிவிடுவார்கள். "பெயாஸுத் கபுசு நெரெதே?", வாசல் எங்கே என்று கேளுங்கள். சா என்றால் வலம், சோல் இடம், தூஸ் நேரே, யுகாரு மேலே.

சைகையில் ஒரு சிக்கல் உண்டு. எதிராளி புருவத்தைத் தூக்கித் தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து 'ச்' என்றால், நாம் அதை "என்ன?" என்று எடுத்துக்கொண்டு கேள்வியைத் திரும்பச் சொல்வோம். அவர் சொன்னது "இல்லை". நம்முடைய தலையாட்டலும் அவர்களுக்குப் புரியாது. ஆமாம் என்பதற்கு எவெத், இல்லை என்பதற்கு ஹாயுர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கூட வந்தவர் காணாமல் போனால்

இருவரும் தேடினால் இருவரும் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். முன்பே பேசிவைக்க வேண்டியது: பத்து நிமிடம் அதே இடத்தில் நிற்பது, வராவிட்டால் நூருஒஸ்மானியே வாசலுக்கு வெளியே, மசூதி இருக்கும் பக்கத்தில் காத்திருப்பது. சந்திக்கும் இடமாக "நடுவில் உள்ள பழைய கட்டடம்" என்று சொல்லாதீர்கள், நான்கு வாசலில் நான்கு பேர் நிற்க நேரும்.

குழந்தையின் கையில் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு பேனாவால் எழுதுங்கள். பிரிந்தால் நடக்காமல் பக்கத்துக் கடைக்குள் போய் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் தேடும்போது கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது: மகன் என்றால் "ஓலும் காய்போல்து", மகள் என்றால் "குஸும் காய்போல்து". போட்டோவைக் காட்டுங்கள். வாசல்களில் காவலர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் உடனே சொல்லுங்கள். அவசர எண் 112.

வெளியே வந்து இடம் தெரியாவிட்டால்

வடக்கு வாசலில் இறங்கிவிட்டீர்கள் என்றால் எதிரே செங்குத்தாக இறங்கும் மஹ்மூத்பாஷா சாலை இருக்கலாம். திருமண உடைக் கடைகளும் பெருங்கூட்டமும் அடையாளம். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு இறங்கினால் இருபது நிமிடத்தில் எமினோனு, அங்கே டி1. வழியில் வரும் மசாலாச் சந்தையும் கூரை போட்டதுதான், ஆனால் சின்னது, ஒரே ஒரு திருப்பம் கொண்டது. மீண்டும் பெரிய சந்தைக்குள் போய்விட்டோமோ என்று பதற வேண்டாம். திறந்தவெளியில் நான்கு தூபிகள் கொண்ட மசூதி குன்றின்மேல் தெரிந்தால் அது சுலைமானியே. பெரிய சந்தைக்கு வடமேற்கே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது, பெருநாட்களிலும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்குக் கதவுகள் அடைபடும். ஆறரைக்கு ஷட்டர்கள் இறங்கத் தொடங்கினால் கடைசிக் கடை என்று எதையும் பார்க்காமல், மேடு பார்த்து நடக்கத் தொடங்குங்கள்.