வீட்டில் ஹனுக்கா: எட்டு மாலைகளுக்கான செய்முறை விளக்கம்

யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா, 2026ஆம் ஆண்டில் டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்கி, டிசம்பர் 12, சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் முடிகிறது. யூத நாட்காட்டியில் நாள் என்பது சூரியன் மறையும்போதே பிறந்துவிடுவதால், ஹனுக்காவின் முதல் நாளான கிஸ்லேவ் மாதத்தின் 25ஆம் நாளை உங்கள் நாட்காட்டி டிசம்பர் 5 என்று அச்சிட்டிருந்தாலும், முதல் விளக்கை முந்தைய மாலையிலேயே ஏற்றியாக வேண்டும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த அஷ்கனாஸி யூதக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாக வந்து, நியூ ஜெர்சியில் இந்தப் பண்டிகையை எங்கள் வீட்டில் நடத்தும் பொறுப்பை என் மாமியாரிடமிருந்து ஏற்றுக்கொண்டபோது எனக்குத் தேவைப்பட்ட விவரங்களை, தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஆசிமொழிகளைச் சொல்வது என் கணவரும் மாமனாரும். ஏற்பாடுகளும் அடுப்பும் என் பக்கம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டைத் தடைசெய்து எருசலேம் ஆலயத்தின் புனிதத்தைக் கெடுத்தான். யூதா மக்கபேயுவின் தலைமையில் கிளர்ந்தவர்கள் ஆலயத்தை மீட்டு, கி.மு. 164இல் மீண்டும் அர்ப்பணித்தார்கள். தலைமைக் குருவின் முத்திரை உடையாத ஒரே ஒரு சிறு குடுவை எண்ணெய் அங்கே கிடைத்தது என்றும், ஒரு நாளுக்கே போதுமான அது எட்டு நாள் எரிந்தது என்றும் யூதச் சட்ட, மரபு விளக்கத் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. எட்டு மாலைகளுக்கும், எண்ணெயில் பொரித்த பலகாரங்களுக்கும் காரணம் இதுதான்.

முதல் படி: விளக்கும் திரியும்

ஹனுக்கியா எனப்படும் விளக்கில் ஒன்பது கிண்ணங்கள் இருக்கும். எட்டு கிண்ணங்கள் ஒரே நேர்வரிசையில், ஒரே உயரத்தில் அமைந்திருக்க வேண்டும். ஒன்பதாவதான ஷமாஷ், அதாவது மற்றவற்றை ஏற்ற உதவும் பணியாள் விளக்கு, உயரத்திலோ இடத்திலோ தனித்துத் தெரிய வேண்டும். ஹனுக்கா விளக்குகளின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது என்பதால், தற்செயலாக எதற்காவது வெளிச்சம் பயன்பட்டால் அது ஷமாஷின் வெளிச்சமாக இருக்கட்டும் என்று அதைப் பக்கத்தில் வைக்கிறார்கள். மேலும் கீழுமாக வளைந்து நெளிந்த அலங்கார விளக்குகள் கடைகளில் அழகாகத் தோன்றும். முதல்முறை வாங்குகிறவர்கள் அவற்றைத் தவிர்த்து, துடைக்க எளிதான தட்டையான உலோக விளக்கையே வாங்க வேண்டும் என்பேன்.

வழக்கமான பெட்டியில் 44 மெழுகுவத்திகள் இருக்கும். ஒன்றில் தொடங்கி எட்டு வரை கூட்டினால் 36, மாலைக்கு ஒன்றாக ஷமாஷுக்கு எட்டு, ஆக 44. அஷ்கனாஸி வழக்கப்படி வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏற்றுவதானால் ஆளுக்கொரு பெட்டி வேண்டும். ஸ்பானிய மரபில் வந்த செஃபார்தி குடும்பங்களில் வீட்டுக்கு ஒரே விளக்கு. எங்கள் வீட்டில் மெழுகுவத்தியைக் காட்டிலும் ஆலிவ் எண்ணெயும் பஞ்சுத் திரியுமே எனக்குப் பிடித்தவை. ஆலயத்தில் எரிந்தது ஆலிவ் எண்ணெய் என்பதால் அதுவே சிறந்தது என்று கருதப்படுகிறது; மெழுகை உளியால் சுரண்டுவது போன்ற வேலையும் மிச்சமாகிறது. மெழுகுவத்திதான் என்றால், கிண்ணத்தில் முன்கூட்டியே ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிடுங்கள், மறுநாள் மிச்சம் எளிதாகக் கழன்று வரும்.

இரண்டாம் படி: வலமா, இடமா?

புதிதாகச் செய்கிறவர்கள் அனைவரும் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று நிதானமாக விளக்குகிறேன். மெழுகுவத்திகளை வைக்கும் திசையும், அவற்றை ஏற்றும் திசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முதல் மாலையில், விளக்கைப் பார்த்தபடி நிற்கும் உங்களுக்கு வலக்கோடியில் இருக்கும் கிண்ணத்தில் ஒரு மெழுகுவத்தியை வையுங்கள். இரண்டாம் மாலையில் வலக்கோடியில் ஒன்றும் அதற்கு இடப்பக்கத்தில் ஒன்றும் வையுங்கள். இவ்வாறு நாளுக்கு ஒன்றாக இடப்பக்கம் நோக்கி வரிசை வளரும். ஏற்றும்போது, அன்று புதிதாகச் சேர்ந்த இடக்கோடி மெழுகுவத்தியில் தொடங்கி வலப்பக்கம் நோக்கி நகர வேண்டும். ஒவ்வொரு மாலையும் அந்த நாளுக்குரிய புதிய விளக்குக்கே முதல் மரியாதை.

குழப்பம் பெரும்பாலும் சன்னலால் வருகிறது. அற்புதத்தை ஊரறியச் செய்ய வேண்டும் என்பதற்காக விளக்கைத் தெருவுக்குத் தெரியும் சன்னலில் வைக்கும்போது, வெளியே நடந்து செல்கிறவருக்கு வரிசை தலைகீழாகத் தெரியும். அவருக்காக மாற்றி வைக்க வேண்டியதில்லை. வலம், இடம் என்பதெல்லாம் ஏற்றுகிறவரின் கையை வைத்தே. எருசலேமின் பழைய குடியிருப்புகளில் வீட்டு வாசலுக்கு வெளியே, காற்று புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கை வைக்கிறார்கள். அங்கே உள்ளே நுழைகிறவருக்கு வலப்பக்கத்தில், வேத வரிகள் எழுதிய சுருளடங்கிய சிறு உறையான மெசூசா இருப்பதால், விளக்கு இடப்பக்கம் அமையும்.

நாளுக்கு ஒன்றாகக் கூட்டுவதா, எட்டில் தொடங்கிக் குறைப்பதா என்பதிலேயே பண்டைய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஷம்மாயின் பள்ளியினர் குறைக்கச் சொன்னார்கள், ஹில்லேலின் பள்ளியினர் கூட்டச் சொன்னார்கள். இன்று எல்லாரும் பின்பற்றுவது ஹில்லேலின் வழியை.

மூன்றாம் படி: ஏற்றுதல்

முதலில் ஷமாஷை ஏற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆசிமொழிகள் முடிந்த பிறகே மற்ற விளக்குகளைத் தொட வேண்டும். எட்டு மாலைகளிலும் சொல்லப்படுபவை இரண்டு: "லெஹத்லிக் நேர் ஷெல் ஹனுக்கா" என்று முடியும், விளக்கேற்றப் பணித்ததற்கான ஆசிமொழி, முன்னோர்களுக்கு அற்புதங்கள் நிகழ்த்தியதற்கான "ஷெஆஸா நிஸ்ஸீம்". முதல் மாலையில் மட்டும், இந்த வேளைவரை வாழ வைத்ததற்கு நன்றி கூறும் "ஷெஹெஹெயானு" மூன்றாவதாகச் சேரும். இறைவனின் பெயர் வரும் முழு வாசகத்தைத் தாளில் எழுதி அலட்சியமாக விட்டுவைக்க எங்கள் வீட்டில் விரும்புவதில்லை. ஆகவே அதை இங்கே தரவில்லை, எந்த யூத வழிபாட்டு நூலிலும் கிடைக்கும். விருந்தினராகச் செல்லும் பிற சமயத்தார் ஆசிமொழிகளை உடன் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முடிவில் "ஆமேன்" என்றால் போதும்.

ஏற்றிய பின் "ஹநேரோத் ஹல்லாலு", "மாஓஸ் ட்ஸூர்" ஆகியவற்றைப் பாடுவார்கள். விளக்குகள் இருட்டிய பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது எரிய வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்பது பழைய வழக்கம். என் மாமியார் இதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார், நானும் அதில் எந்தக் குறையும் வைப்பதில்லை. முறைப்படி ஏற்றிய விளக்கு நடுவில் அணைந்துபோனால் ஆசிமொழி சொல்லாமல் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வாண்டின் இரண்டு வெள்ளிக்கிழமைகள்

2026இல் முதல் மாலையும் எட்டாம் மாலையும் வெள்ளிக்கிழமையில் வருகின்றன. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான வார ஓய்வு நாளாகிய சப்பாத் தொடங்கிய பின் நெருப்பைத் தொடக் கூடாது. சப்பாத் விளக்குகளைச் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு ஏற்றுவது பரவலான வழக்கம். ஹனுக்கா விளக்குகளை அதற்கும் முன்னதாக ஏற்றிவிட வேண்டும். நியூ ஜெர்சியில் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மாலை நாலரை மணியளவில் மறைந்துவிடுகிறது. நான்கு மணிக்குச் சற்றுப் பிறகு ஏற்றப்படும் விளக்கு, நன்றாக இருட்டிய பின்னும் அரை மணி நேரம் எரிய வேண்டுமானால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். பெட்டியில் வரும் மெல்லிய மெழுகுவத்திகள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால், வெள்ளிக்கிழமைக்கு அவை பயன்படா.

தடித்த சப்பாத் மெழுகுவத்திகளைச் சிறிய கிண்ணங்களில் செருக முடியாது. எட்டாம் மாலையில் ஒன்பதுக்கும் இந்தச் சிக்கல் எழும். நான் பரிந்துரைப்பது, தகரக் கிண்ணத்தில் வரும் டீலைட் மெழுகுவத்திகள்: அலுமினியத் தாள் விரித்த நீண்ட தட்டில் எட்டை நேர்வரிசையாக, சுடர்கள் ஒன்றோடொன்று கலக்காத இடைவெளியில் வைத்து, ஷமாஷை மட்டும் ஒரு சிறு உலோகக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் உயர்த்தி வையுங்கள். அவை நான்கு மணி நேரம் வரை எரியும். எண்ணெய் விளக்கு வைத்திருப்பவர்கள் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினாலே போதும். சனிக்கிழமை மாலையில், சப்பாத் முழுமையாக முடியும்வரை காத்திருந்து, எங்கள் வீட்டில் முதலில் சப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தாலா சடங்கும் பிறகு ஹனுக்கா விளக்கும்.

நான்காம் படி: லட்கே (உருளைக்கிழங்கு அடை)

ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை, மூன்று மேசைக்கரண்டி மட்ஸா மாவு (புளிக்காத ரொட்டியின் தூள்) அல்லது மைதா, உப்பு, மிளகுத்தூள், பொரிக்க எண்ணெய். மாவுத்தன்மை மிகுந்த பழைய கிழங்காகப் பாருங்கள். புதுக்கிழங்கில் நீர் அதிகம். மின்கருவியில் துருவினால் இழைகள் தடித்து, வெளியே சிவந்தும் உள்ளே வேகாமலும் போகின்றன என்பதால், பெட்டித் துருவியின் பெரிய கண்களில் கையால் துருவுவதையே நான் விரும்புகிறேன். கிழங்கையும் வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் துருவினால் கிழங்கு கறுக்காது.

துருவியதைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் பிடித்து, கை வலிக்கும்வரை முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவுச்சத்து படிந்திருக்கும். மேல்நீரை மெதுவாக வடித்துவிட்டு, அந்த வெண்படிவை வழித்துத் துருவலில் சேருங்கள். லட்கே உதிராமல் சேர்ந்திருப்பதும், ஓரம் மொறுமொறுப்பாவதும் இதனால்தான். பலரும் இதை விட்டுவிட்டு மாவைக் கூட்டிக்கொண்டே போவதால் பண்டம் கனத்துவிடுகிறது. உப்பு நீரை வெளியே இழுக்கும் என்பதால், எண்ணெய் காய்ந்த பிறகே முட்டை, மாவு, உப்பைக் கலந்து, உடனே பொரிக்கத் தொடங்குங்கள். அரை விரல் உயர எண்ணெயில், ஒரு கரண்டி கலவையை இட்டு மெல்லியதாகத் தட்டி, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வேகவிட்டு, தாளில் போடாமல் கம்பித்தட்டில் எடுத்துவையுங்கள். தாளில் போட்டால் அடிப்பக்கம் ஆவியில் நமுத்துவிடும்.

தொட்டுக்கொள்ளப் புளித்த பாலேடா, ஆப்பிள் மசியலா என்ற விவாதம் எல்லா வீட்டிலும் உண்டு. கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பால்பொருளையும் ஒரே உணவில் சேர்க்கக் கூடாது. கிழக்கு ஐரோப்பாவில் லட்கேயை வாத்துக் கொழுப்பில் பொரித்தவர்களுக்குப் பாலேடு விலக்கப்பட்டது. இன்றும் மாட்டிறைச்சி விருந்தானால் ஆப்பிள் மசியல், சைவ விருந்தானால் எது வேண்டுமானாலும். இஸ்ரேலில் இந்நாட்களின் முதன்மைப் பலகாரம் உள்ளே ஜாம் வைத்த சுஃப்கானியா. அதை வீட்டில் செய்ய முயலாமல் நல்ல கடையில் வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பிள்ளைகள்

நான்கு பக்கமும் எழுத்துப் பொறித்த டிரேடல் என்னும் பம்பரத்தை வைத்துச் சூதாட்டம் நடக்கும். ஆளுக்குப் பத்துப் பதினைந்து கொட்டைகளோ சாக்லேட் நாணயங்களோ கொடுத்து, ஒவ்வொருவரும் ஒன்றை நடுவில் போட வேண்டும். சுழற்றியது "நூன்" காட்டினால் ஒன்றுமில்லை, "கிமெல்" என்றால் நடுவில் உள்ள அனைத்தும், "ஹே" என்றால் பாதி, "ஷின்" என்றால் நீங்கள் ஒன்றைப் போட வேண்டும். இஸ்ரேலில் வாங்கிய பம்பரத்தில் ஷின்னுக்குப் பதில் "பே" இருக்கும், ஆட்டம் அதேதான். கெல்ட் எனப்படும் சாக்லேட் நாணயங்களை வாங்கும்போது பால் கலந்ததா என்று பாருங்கள், ஏனெனில் இறைச்சி விருந்துக்குப் பின் பால் சாக்லேட்டைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைப்பது யாருக்கும் இனிய வேலையல்ல. எட்டு மாலையும் பரிசு என்ற அமெரிக்கப் பழக்கத்தை எங்கள் வீட்டில் குறைத்து, ஒரு மாலையைப் புத்தகத்துக்கும், ஒரு மாலையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் நன்கொடைக்கும் ஒதுக்கியிருக்கிறோம். அமாவாசையை ஒட்டி தேவேத் மாதம் பிறக்கும் நாளை வட ஆப்பிரிக்க யூதர்கள் மகள்களின் பண்டிகையாகக் கொண்டாடியதைப் படித்த பிறகு, அந்த மாலையில் ஏற்றும் பொறுப்பு எங்கள் மகளுக்குரியதாகிவிட்டது.

பின்சேர்க்கை

குத்துவிளக்கின் ஐந்து முகங்களையும் ஏற்றி ஹனுக்கா விளக்காகக் கொள்ளலாமா என்று நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடாது. ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிச் சுற்றிலும் திரிகளை இட்டு, மேலே மூடாமல் விட்டால், சுடர்கள் கலந்து நெருப்புக் குவியல் போலாகிவிடும், அது ஒருவருக்குரிய ஒரு விளக்காகக்கூட எண்ணப்படாது என்று தல்மூத் சொல்கிறது. ஆனால் ஒரே அளவுள்ள எட்டு அகல்விளக்குகளை நேர்வரிசையில் வைத்து, ஒன்பதாவதை உயர்த்தி வைத்தால் அது தாராளமாகச் செல்லும். எண்ணெயும் நல்லெண்ணெயாகவோ தேங்காயெண்ணெயாகவோ இருக்கலாம்.

அடுக்குமாடியில் மேல் தளத்தில் வசிப்பவர்களுக்கு: தெரு மட்டத்திலிருந்து 20 முழத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்பது பத்து மீட்டருக்கு மேல் உள்ள விளக்கு வழிப்போக்கர் கண்ணில் படாது என்பது பழைய கணக்கு. எதிர்க் கட்டடத்தில் அதே உயரத்தில் வீடுகள் இருந்தால் சன்னலிலேயே வைக்கலாம். இல்லையென்றால் மெசூசாவுக்கு எதிராக வீட்டு வாசலருகே வைப்பது மேல், திரைச்சீலை தீப்பிடிக்கும் கவலையும் அங்கே இல்லை.