ஹெட்டுக்குள் முறிந்த போல்ட்டை மரை கெடாமல் எடுப்பது எப்படி?

ஸ்பேனரில் முறுக்கிக்கொண்டிருந்த பிடி திடீரென்று லேசாகும். அப்பாடா, கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம். அப்புறம் பார்த்தால் போல்ட்டின் தலை மட்டும் கையில், மீதி இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள். அந்த நேரத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள். முறிந்த போல்ட்டால் ஹெட் வீணாவது அபூர்வம். அடுத்த பத்து நிமிட அவசரத்தில்தான் ஹெட் வீணாகும்.

இங்கே அலுமினிய ஹெட்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பிடிக்கும் எம்8 ஸ்டட்டை, அதாவது 8 மி.மீ. மரையுள்ள, தலையில்லாத போல்ட்டை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சூடாகி, ஆறி, துருப்பிடித்து, அதிகம் முறிவது இதுதான்.

முதலில் ஒரு கேள்வி: இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போதா? இறுக்கும்போது முறிந்திருந்தால் உள்ளே இருக்கும் துண்டை எதுவும் அழுத்திப் பிடித்திருக்காது. கூரான ஊசிக்கம்பியால் விளிம்பைக் கழற்றும் திசையில் தட்டினாலே பல நேரம் சுற்றி வந்துவிடும். கழற்றும்போது முறிந்திருந்தால் மரை துருவில் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

இடத்தைத் தயார் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளை (சிலிண்டருக்குப் போகும் வாய்களை) துணியால் அடையுங்கள். ஒரு இரும்புத் துகள் சிலிண்டருக்குள் போனாலும் வேலை இரண்டாகிவிடும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, சின்ன சுத்தியலால் ஸ்டட்டின் முனையில் மெதுவாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். மாலையில் அடித்துவிட்டு மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். சுற்றியுள்ள எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைப் புளோ டார்ச்சால் சூடாக்குங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஓட்டை கொஞ்சம் தளரும். ஆனால் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. நிறம் மாறாமலே உருகிவிடும்; சுத்த அலுமினியம் 660 டிகிரியில், ஹெட்டில் இருக்கும் கலவை அதற்கும் முன்பே. தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பெட்ரோல் குழாய், வயர், பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் இருந்தால் தீயே வேண்டாம். அப்புறம் லாக்கிங் பிளையரால் கவ்வி, கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திருப்பி இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். ஒரே மூச்சில் கழற்றப் பார்த்தால் மறுபடி முறியும்.

துண்டு ஹெட்டின் மட்டத்தோடு முறிந்திருந்தால் நான் முதலில் நம்புவது வெல்டிங்கைத்தான். துண்டின் மேல் ஒரு வாசர், அதன் மேல் ஒரு நட். நட்டின் ஓட்டை வழியாக மிக் வெல்டிங்கால் துண்டையும் வாசரையும் நட்டையும் ஒன்றாகப் பிடிக்க வைக்க வேண்டும். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, துண்டில் மட்டும் பிடிக்கும். சிவப்பு மறையும் வரை காத்திருந்து ஸ்பேனரைப் போடுங்கள். அந்தச் சூடே பாதித் துருவை உடைத்திருக்கும். நட் மட்டும் கழன்று வந்தால் மனம் தளர வேண்டாம், இன்னொன்றை வையுங்கள். மூன்றாவது நான்காவது நட்டில் வருவது சகஜம். இன்ஜின் வண்டியிலேயே இருந்தால் வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது, நச்சு வாயு வரும்.

துண்டு உள்ளே ஆழத்தில் முறிந்திருந்தால் துளை போட வேண்டும். இதில் நடுப்புள்ளிதான் எல்லாமே. முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், டிரில் பிட் எப்போதும் பள்ளத்தைத் தேடி ஓடும். முகத்தைச் சின்ன கிரைண்டிங் கல்லால் சமன் செய்து, சென்டர் பஞ்சால் லேசாக ஒரு புள்ளி வைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகே பலமாகத் தட்டுங்கள். துண்டுக்கு மேல் கொஞ்சம் மரை காலியாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு: வேறொரு எம்8 போல்ட்டின் நடுவே லேத்தில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, அதை ஹெட்டில் முறுக்கிவிடுங்கள். அந்த ஓட்டை வழியாக டிரில் இறங்கினால் நடுப்புள்ளி தப்பாது.

பிட்டில் ஒட்டும் டேப்பைச் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஓடும் பாதை இருக்கலாம். வேகம் குறைவாக, எண்ணெய் விட்டு, முதலில் 3 மி.மீ., பிறகு 5. இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள்; துளை போடும்போதே துண்டைக் கழற்றும் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு.

போட்ட துளைக்குள் இறக்கித் துண்டைக் கழற்றும் பக்கம் திருகும் எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்டியில் பார்த்தால் இதற்கென்றே செய்த கருவி மாதிரி இருக்கும். ஆனால் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் உள்ளே இறங்க இறங்கத் துண்டை வெளிப்பக்கம் விரித்து இன்னும் இறுக்கும். என் முதல் முயற்சியில் அது உள்ளேயே முறிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது. அதை எடுக்கக் கார்பைடு பிட் வேண்டும், இல்லையென்றால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம். ஆகவே சூடாக்கிய பிறகு மட்டும் எக்ஸ்ட்ராக்டரைப் போடுங்கள். கை பலத்துக்கு அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அப்படி நிறுத்தினால் பிட்டைப் படிப்படியாக 6.5 மி.மீ. வரை பெரிதாக்குங்கள். துளை நடுவில் இருந்தால் துண்டு மெல்லிய ஓடாகிவிடும். கூரான கம்பியால் அதை உள்பக்கம் மடக்கி உருவி எடுத்து, எம்8 x 1.25 டேப்பை (மரை வெட்டும் கருவி; 1.25 என்பது மரைகளுக்கு இடையிலான மி.மீ. தூரம்) விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். மரை கெட்டுவிட்டாலும் வழி இருக்கிறது: 8.3 மி.மீ. துளை போட்டு, கிட்டில் வரும் தனி டேப்பால் மரை வெட்டி, புது மரையாக நிற்கும் ஹெலிகாயில் கம்பிச் சுருளை இறக்குவது. சாதாரண எம்8 டேப் இதற்கு உதவாது.

புது ஸ்டட் போடும் முன் ஓட்டையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, மரையில் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்டட் கையாலேயே அடிவரை இறங்க வேண்டும். மரையில் பசை இருக்கும்போது உலர்ந்த மரைக்கான டார்க் (முறுக்கு விசை) அளவு அதிகப்படி இறுக்கமாகிவிடும், குறைத்தே வையுங்கள். பக்கத்து ஸ்டட்டுகளும் அதே வயது, அதே சூட்டைத் தின்றவை. மேனிஃபோல்டு கையில் இருக்கும்போதே அவற்றுக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள்.